இருட்டு ரீச்சரின் அறையில் இருந்த ஆள்

கிளிநொச்சியில் பல்ப் வெளிச்சத்தைக் கண்டு எரிச்சல்பட்ட ஒரே மனிசி எங்கள் இருட்டு ரீச்சர்தான். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். வருசக்கணக்காகக் குப்பி விளக்கில் காலம் தள்ளிய சனம் நாங்கள். கரண்ட் வந்த பிறகு கோழிக்கூட்டுக்கும் கக்கூசுக்கும் தனித்தனியாகப் பல்ப் பூட்டி, பட்டப்பகலிலும் எரியவிட்டு அழகு பார்த்தோம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, போகிற இடமெல்லாம் சுவிட்சைத் தேடி அணைத்துக்கொண்டு திரிந்தவர் அவர். நாடு முழுக்க மின்வெட்டு வந்து எல்லாரும் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்த நாட்களில், "இண்டைக்கு ரெண்டரை மணித்தியாலம்தானோ?" என்று குறைப்பட்டவரும் அவர்தான்.

அவர் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தார். வயது இருபத்தேழு. ஒல்லியான உடம்பு. நடந்தால் சத்தம் வராது. செருப்புப் போட்டுத்தான் நடப்பார், ஆனாலும் வராது. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். ஏதோ மனதில் பட்டுத் திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் நிற்பார். "உப்பு இருக்கோ?" என்று கேட்பார். எனக்குப் பாதி உயிர் போய், உப்புப் போத்தலை எடுத்துக் கொடுத்த பிறகுதான் திரும்பி வரும்.

கண்டி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில், பெண்கள் மட்டும் தங்குகிற வீடு அது. ஒரு அறையில் நான். காணிக் கந்தோரில் கிளாக், சொந்த ஊர் வவுனியா. அடுத்த அறையில் சுகி, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். கடைசி அறையில் ரீச்சர். முன்பக்கத்தில் வீட்டுக்கார அன்ரி இருந்தா. அன்ரியிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: ஆண் வாடையே ஆகாது. தபால்காரர் கேற்றுக்கு வெளியே நின்றுதான் மணி அடிக்க வேண்டும். அன்ரி பதினொரு கோழி வளர்த்தா. பதினொன்றும் பேடு. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் சுகியைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இயல்பிலேயே பயம் கூட. கிளிநொச்சியில் வாடகைக்கு இடம் எடுக்கும்போது கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கலாம். முந்தி இந்தக் காணியில் என்ன நடந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ரீச்சரின் அறைச் சுவரில் குண்டு துளைத்து, பிறகு சீமெந்து பூசி அடைத்த ஆறு வட்டங்கள் இருந்தன. எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் அந்த ஆறும் வேறு நிறமாகத் திரும்பி வரும். ரீச்சர் அவற்றுக்கு நேரே கட்டிலைப் போட்டு, யன்னல் கண்ணாடிக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டி, கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காக உள்ளே இருப்பார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ரீச்சர், உந்த இருட்டுக்கை இருந்து என்ன செய்யிறீங்கள்?"

"தேடுறன்."

"என்னத்தை?"

"என்ன சாமான் எண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. அதாலைதான் தேடவேண்டிக் கிடக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு விளக்கினார். "நட்சத்திரம், கடல், நானும் நீரும், அன்ரியின்ரை கோழி எல்லாத்தையும் கூட்டிப் பாத்தாலும் வானத்திலை இருக்கிற இழுவைக்குக் காணாது. மிச்சம் ஒண்டு இருக்கு. அது கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் பிடிபடாது. ஆனால் இழுக்குது. இழுக்கிறபடியாலைதான் அது இருக்கு எண்டே தெரியும்."

"அது எங்கை இருக்கு?"

"எல்லா இடமும். இப்ப இந்த அறைக்குள்ளையும் இருக்கு. உமக்குள்ளாலையும் போய்க்கொண்டுதான் இருக்கு."

நான் ஒரு கிழமை சுகியின் அறையில் படுத்தேன். இருட்டு ரீச்சர் என்ற பெயரைச் சுகி வைத்தது அந்தக் கிழமையில்தான்.

இந்த இழுக்கிற சாமானைத் தேட அமெரிக்காவுக்குப் போய்ப் பிஎச்.டி. படிக்கப் போகிறேன் என்று ரீச்சர் அறிவித்தபோது, அன்ரி ஒரேயொரு கேள்விதான் கேட்டா.

"மாப்பிள்ளை அங்கை என்ன வேலை பிள்ளை?"

"மாப்பிள்ளை இல்லை அன்ரி. விண்ணப்பம் போடுறன்."

"விண்ணப்பம் போட்டு ஆர் கூப்பிட்டவன்?"

அன்ரியின் கேள்வியில் பிழை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் கலியாணம் கட்டிப் போவார்கள், அண்ணன்காரன் கூப்பிட்டுப் போவார்கள், ஏஜென்சி பிடித்துப் போவார்கள். பௌதிகம் கூப்பிட்டுப் போன ஆளை ஒருவரும் கண்டதில்லை.

விண்ணப்பத்துக்கு மூன்று பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். இரண்டு வந்தது. மூன்றாவது பேராசிரியர் ரீச்சரின் ஒரு ஈமெயிலுக்கும் பதில் போடவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஆளைப் பிடித்து ஆள் வைத்துக் கதைத்திருப்பார்கள். ரீச்சர் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, பளை தாண்டி, யாழ்ப்பாணம் போய், அவருடைய அறைக்கு எதிரே கிடந்த வாங்கில் பேசாமல் இருந்துவிட்டு வருவார். கதவைக்கூடத் தட்டுவதில்லை. மூன்றாவது சனிக்கிழமை கரண்ட் போய்விட்டது. பேராசிரியர் தடவித் தடவி வெளியே வந்திருக்கிறார். இருட்டுக்குள்ளிருந்து, "சேர், கடிதம்" என்று ஒரு குரல் வந்திருக்கிறது. அன்றைக்குப் பின்னேரமே கடிதம் போய்விட்டது. பயத்தில் எழுதினதால் நல்ல வடிவாகத்தான் எழுதியிருப்பார் என்பது சுகியின் அபிப்பிராயம்.

அடுத்தது, ஏன் பௌதிகம் படிக்க விரும்புகிறேன் என்று இரண்டு பக்கக் கட்டுரை. சுகிக்கு இதில் அனுபவம் கூட. அவளுடைய சித்தி பிள்ளைகள் நாலு பேர் அகதி விண்ணப்பம் எழுதி வென்றவர்கள்.

"ரீச்சர், பங்கரைப் பற்றி எழுதுங்கோ. செல் விழுந்ததை எழுதுங்கோ. வாசிக்கிறவன் அழவேணும். அழுதால்தான் இடம் தருவான்."

"அழ விருப்பமெண்டால் அவங்கள் படம் பாக்கட்டும்" என்றார் ரீச்சர். "நான் முகில் பெட்டியைப் பற்றி எழுதப்போறன்."

முகில் பெட்டி என்றால் என்ன என்று நாங்கள் கேட்டிருக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு சாப்பிட்ட கையோடு மூன்று பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். வெளியே வெயில் கொதிக்கிறது. உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. நிலத்தில் பழைய மீன் தொட்டி ஒன்று. அடியில், பழுதாய்ப்போன தண்ணீர் மெசினிலிருந்து கழற்றிய குளிராக்கும் தட்டுகள். மேலே கொரோனாக் காலத்தில் மிஞ்சின ஸ்பிரிட்டில் நனைத்த துணி. ஒரு பக்கத்தால் சின்ன ரோர்ச். நாங்கள் குந்தியிருந்து பார்த்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தொட்டியின் அடியில் மெல்லிய புகை இறங்கியது. அந்தப் புகைக்குள், எங்கிருந்தோ, வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு சட்டென்று ஓடி, கொஞ்ச நேரம் நின்று, கரைந்து போனது. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு, குறுக்கும் மறுக்குமாக. ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோவும் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

அன்ரி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டா. "ஆர் பிள்ளை அது?"

"வானத்திலையிருந்து வாற துணிக்கையள் அன்ரி. எந்த நேரமும் வந்துகொண்டுதான் இருக்கு. கூரையாலையும் வரும், எங்களுக்குள்ளாலையும் போகும்."

"நீ தேடுற சாமான் இதுவோ?"

"இல்லை. இது கொஞ்சமெண்டாலும் தடம் விடும். வந்ததைக் காணமாட்டீங்கள். போன பிறகு கோடு மட்டும் கொஞ்ச நேரம் நிக்கும். நான் தேடுறது கோடும் போடாது."

மறுநாள் விடிய அந்த அறை வாசலில் பேய்க்குக் காவலாகத் தேசிக்காய் ஒன்று தொங்கியது. நிலைப்படி முழுக்கத் திருநீறு. ரீச்சர் அதைப் பார்த்து, "நல்லது அன்ரி, ஆனால் துணிக்கை தேசிக்காயாலையும் போகும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

விண்ணப்பம் போன பிறகு நிலைமை மோசமானது. பின்னேரங்களில் ரீச்சரின் அறையிலிருந்து பேச்சுக் குரல் கேட்கத் தொடங்கியது. இங்கிலீசில். ஒரு கேள்வி மாதிரி ஏதோ வரும், பிறகு அமைதி, பிறகு பதில், பிறகு சின்னச் சிரிப்பு. போனில் கதைக்கிறார் என்று நினைக்கலாம். போன் குசினியில் சார்ஜில் கிடந்தது. இன்னுமொன்று: தினமும் நாலரைக்கு இரண்டு கப் தேத்தண்ணி உள்ளே போகும். ஐந்தரைக்கு இரண்டும் வெறுங்கப்பாக வெளியே வரும்.

ஒரு நாள் கதவு இடுக்கால் பார்த்தேன். பார்த்தது பிழைதான். கட்டிலில் ரீச்சர் நிமிர்ந்து இருந்தார். முன்னால் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. கதிரையின் கைப்பிடியில் இரண்டாவது கப். ரீச்சர் கதிரையைப் பார்த்துத் தலையாட்டி, "ஓம், அது நல்ல கேள்வி" என்று இங்கிலீசில் சொன்னார். கதிரையில் ஒருவரும் இல்லை.

சுகியிடம் ஓடினேன். அவள் நிதானமாக யோசித்துச் சொன்னாள்.

"பேயெண்டால் பிரச்சினையில்லை. ஆம்பிளையெண்டால்தான் அன்ரி வீட்டை விட்டுக் கலைப்பா."

நேர்முகப் பரீட்சை மாசி மாதத்தில் ஒரு நாள், விளக்கு வைத்த கையோடு வந்தது. அங்கே அப்போதுதான் காலை. ரீச்சர் மடிக்கணினிக்கு முன்னால் இருந்தார். நாங்கள் மூன்று பேரும் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தோம். தொடங்கி ஐந்து நிமிசத்தில் கரண்ட் போனது. அறையில் கணினி வெளிச்சம் மட்டும். அது கீழிருந்து மேலாக ரீச்சரின் முகத்தில் பட்ட கோலத்தைப் பார்த்து, பெற்ற தாயே எழும்பி ஓடியிருப்பா. அந்தப் பக்கத்துப் பேராசிரியர், அங்கே ஏன் இப்படி இருட்டாக இருக்கிறது, வசதியாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இப்போதுதான் வசதியாக இருக்கிறது என்றார் ரீச்சர். அந்த மனிசன் சந்தோசமாகச் சிரித்துவிட்டு, தங்கள் ஆராய்ச்சிக்கூடம் ஒரு பழைய சுரங்கத்துக்குள்ளே, நிலத்துக்குக் கீழே ஆழத்தில் இருக்கிறது, அங்கே மாதக்கணக்காக இருட்டில் வேலை செய்யவேண்டி வரும், உங்களால் முடியுமா என்று கேட்டார்.  எனக்குப் பழக்கம் என்று மட்டும் சொன்னார் ரீச்சர்.

சுகி இதை அன்ரிக்குத் தமிழில் சொன்னாள். அன்ரி வாயில் கைவைத்தா.

"அப்ப அவங்கள் பங்கருக்குள்ளை இருந்தே படிக்கிறாங்கள்? உதுக்குப் போய் இவ்வளவு சோதினையோ? எங்களைக் கேட்டிருந்தால் ஊரோடை போயிருப்பமே!"

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை, கேற்றடியில் கூரியர்காரர் வந்து நின்று கத்தினார். "நடராசா இருக்கிறாரோ?"

அன்ரி கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நின்றா. "இது பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீடு. நடராசாவும் இல்லை, ஒரு ராசாவும் இல்லை."

"விலாசம் இதுதான் அம்மா. அமெரிக்காவிலையிருந்து வந்திருக்கு. கடைசி அறை எண்டும் போட்டிருக்கு."

அன்ரியின் கையிலிருந்த சிரட்டை விழுந்தது. எல்லாம் அந்த ஒரு நொடியில் அவவுக்கு விளங்கிவிட்டது: பேச்சுக் குரல், இரண்டாவது கப், கறுப்புக் கடதாசி. கடித உறையில் நடராசாவுக்குப் பிறகு என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. ஒரு கையில் உறையும் மறு கையில் முற்றம் கூட்டுகிற தும்புத்தடியுமாகக் கடைசி அறைக்குப் பாய்ந்தா. நாங்கள் பின்னால் ஓடினோம்.

அறை இருட்டு. ரீச்சரைக் காணவில்லை. கதிரை கட்டிலுக்கு முன்னால் இருந்தது. அன்ரி கட்டிலுக்குக் கீழே தும்புத்தடியை விட்டுக் குத்தினா; மீன் தொட்டியில் பட்டு டங் என்றது. திரைச்சீலைக்குப் பின்னால் குத்தினா. பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் அலுமாரியைப் பார்த்தோம். உள்ளே யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

"வெளியிலை வா நடராசா!" என்று கத்திக்கொண்டு அன்ரி கதவை இழுத்தா.

உள்ளே இரண்டு கால் தெரிந்தது. நான் போட்ட சத்தம் இரணைமடுக் குளக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"அன்ரி, வெளிச்சம் விடாதேங்கோ" என்றார் இருட்டு ரீச்சர், சேலைகளுக்கு நடுவில் சப்பாணி கட்டி இருந்தபடி. "இருபது நிமிசம் இருந்து இப்பதான் கண் பழகினது."

"ஆரடி நடராசா?"

ரீச்சர் அன்ரியின் கையிலிருந்த உறையைப் பார்த்தார். "அப்பா" என்றார்.

"அப்பா எங்கை?"

"தண்ணி எடுத்து வாறன் எண்டு கானோடை போனவர்."

"எப்ப?"

"எனக்குப் பதினாலு வயசு. சண்டையின்ரை கடைசி நாளுகளிலை."

வன்னியில் இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. அன்ரி தும்புத்தடியை மெல்லச் சுவரில் சாத்திவிட்டு, அந்தக் கதிரையில் இருந்தா. இருந்த பிறகுதான் அது எந்தக் கதிரை என்று நினைவு வந்தது. நெருப்புப் பட்டது போல எழும்பி, சாமியறைக்குப் போய்விட்டா.

நடந்தது இதுதான். எங்கள் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னுக்கு வரும், எங்கள் பெயர் பின்னுக்கு வரும். விண்ணப்பத்தில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் முதலில் வருகிற பெயரை ரீச்சர் எழுதினார். அமெரிக்காக்காரனுக்கு முதலில் வருவதுதான் ஆளின் பெயர். அன்றிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதமெல்லாம் இப்படித்தான்: அன்புள்ள நடராசாவுக்கு, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. அன்புள்ள நடராசாவுக்கு, உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அன்புள்ள நடராசாவுக்கு, உங்களைக் காண ஆவலாக இருக்கிறோம்.

இடம் கிடைத்துவிட்டது என்று நாங்கள் துள்ளினோம். சுகி கேக் வாங்கி வந்தாள். ஆனால் சித்திரை பிறந்த பிறகு ஒரு ஈமெயில் வந்தது. பாஸ்போட்டில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒத்துவரவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் சரியான பெயரை உறுதி செய்யாவிட்டால் விசாவுக்கான பத்திரம் தர முடியாது, இடம் அடுத்தவருக்குப் போகும். எழுத வேண்டியது ஒரேயொரு வரி. நடராசா என்பது அப்பாவின் பெயர், என் பெயர் இது.

அந்த ஒரு வரியை ரீச்சர் எழுதவில்லை.

"எழுதினீங்களோ?" என்று தினமும் கேட்பேன். "நாளைக்கு" என்பார். கணக்குக் கேட்டால் கேள்வி முடியமுதல் விடை சொல்கிற ஆள். ஒரு கிழமை போனது. இரண்டு கிழமை போனது. மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது எனக்கு விசர் பிடித்துவிட்டது. பயத்தை எல்லாம் மறந்து அந்த இருட்டு அறைக்குள் போய் நின்று கத்தினேன்.

"உங்களுக்கென்ன விசரோ ரீச்சர்? மூண்டு சனிக்கிழமை வாங்கிலை இருந்து எடுத்த கடிதம்! எத்தினை சோதினை, எத்தினை போம் நிரப்பினது! ஒரு வரி எழுதக் கை நோகுதோ?"

ரீச்சர் கட்டிலின் ஓரத்தைக் காட்டினார். இருந்தேன்.

"அம்மாவுக்கு அந்தக் கடிதமெல்லாத்தையும் பிறின்ற் எடுத்துக் குடுத்தனான்" என்றார். ரீச்சரின் அம்மா தருமபுரத்தில் தனியாக இருந்தா. "அப்பாவைத் தேடி அம்மா எத்தினை கந்தோருக்குக் கடிதம் போட்டவா எண்டு எனக்கே தெரியாது. பதின்மூண்டு வருசமாப் போடுறா. உங்கடை கடிதம் கிடைச்சுது எண்டு துண்டு வரும். அவ்வளவுதான். ஒருத்தரும் அப்பாவைப் பேர் சொல்லி எழுதினதில்லை. இப்பதான் கிழமைக்குக் கிழமை வருது. பேருக்கு முன்னாலை என்ன போட்டிருக்கு எண்டு அம்மா கேட்டவா. அன்புள்ள எண்டு போட்டிருக்கு எண்டு சொன்னன். நான் அந்த ஒரு வரியை எழுதினால் கடிதம் நிண்டிடும்."

 கதிரையைப் பார்த்தேன். கப் இருந்தது.

"அந்தத் தேத்தண்ணி..." என்று இழுத்தேன்.

"அது நேர்முகப் பரீட்சைக்குப் பழகினது. கதிரையிலை பேராசிரியர் இருக்கிறார் எண்டு நினைச்சு. ரெண்டு கப்பையும் நான்தான் குடிக்கிறனான், ஆறினால் வீண்தானே." கப்பைக் கையில் எடுத்தார். "தொடக்கத்திலை அப்பிடித்தான்."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"பங்கருக்குள்ளை விளக்கு வைக்க விடமாட்டினம். அப்பாவைக் காணமாட்டன். ஆனால் அவர் இருக்கிற பக்கம் சூடா இருக்கும். அதை வைச்சுத்தான் ஆள் இருக்கு எண்டு தெரியும். இப்பவும் இருட்டுக்கை இருந்தால் அந்தப் பக்கம் இருக்கிற மாதிரித்தான் கிடக்கு. லைற்றைப் போட்டால் கதிரை வெறுமன எண்டு தெரிஞ்சிடும்."

இவ்வளவு நாளும் இந்த மனிசியைப் பார்த்துச் சிரித்தேனே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் ஒரு துரோகம் செய்தேன். சுகியிடம் யோசனை கேட்டு, ரீச்சருக்குத் தெரியாமல் அவருடைய அம்மாவுக்குப் போன் பண்ணி, அப்பா பெயரில் கடிதம் வந்துகொண்டிருந்தால் பிள்ளை போகாது என்று சொல்லிவிட்டேன். கடைசி நாள் எப்ப என்று மட்டும் அம்மா கேட்டா. பிறகு வைத்துவிட்டா.

மாதக் கடைசி நாள் மத்தியானம் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினா. ஒரு பையில் முருங்கைக்காய், மறு பையில் தடித்த பைல். அன்ரி கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் நேரே கடைசி அறைக்குப் போனா. நாங்களும் போனோம், வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

"உந்தப் பெட்டியைக் காட்டு" என்றா மகளிடம். "உன்ரை கட்டுரையிலை எழுதினது."

ரீச்சர் முகில் பெட்டியைப் போட்டார். இருட்டில் ஐந்து பெண்கள் ஒரு மீன் தொட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். வெள்ளைக் கோடுகள் வந்தன, நின்றன, கரைந்தன. அம்மா கண் வெட்டாமல் பார்த்தா.

"இது போனதின்ரை தடமோ?"

"ஓம் அம்மா."

"போனது எங்கை?"

"அது நிக்காது. போய்க்கொண்டே இருக்கும்."

அம்மா பைலைத் திறந்து ஒரு கடிதத்தை ரோர்ச் வெளிச்சத்தில் பிடித்தா. ஒரு இடத்தில் விரலை வைத்தா. "எனக்கு இங்கிலீசிலை இந்தப் பேர் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அவரைத் தேடி எத்தினை போமிலை எழுதியிருப்பன்." பிறகு எழும்பி, சுவரைத் தடவி, சுவிட்சைப் போட்டா.

அந்த அறையில் லைற் எரிந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். எல்லாருக்கும் கண் கூசியது. ஆறு வட்டங்கள், மீன் தொட்டி, கட்டிலுக்கு முன்னால் வெறுங்கதிரை. ரீச்சர் கதிரையைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். 

"கதிரை வெறுமன கிடக்கப்படாது" என்று சொல்லி அம்மா அதில் இருந்தா. "நான் இருக்கிறன். நீ எழுது."

ரீச்சர் கணினியை மடியில் வைத்தார். அம்மா சொல்லச் சொல்ல எழுதினார்.

"நடராசா எண்டது என்ரை அப்பா. அவர் இப்ப வீட்டை இல்லை. அவருக்கு நீங்கள் போட்ட கடிதமெல்லாம் கிடைச்சுது. அம்மா கவனமா வைச்சிருக்கிறா. படிக்க வாறது நான். அதுக்குப் பிறகு உன்ரை பேரை எழுது. வடிவா எழுது."

எழுதி அனுப்பியாயிற்று.  சுகி மூக்கை உறிஞ்சினாள். அப்போதுதான் அம்மா கதிரையில் கொஞ்சம் அசைந்து, கையால் இருக்கையைத் தடவிப் பார்த்துக் கேட்டா.

"இது நான் வந்து இருக்கேக்கையே சூடாயிருந்தது. எனக்கு முதல் ஆர் இதிலை இருந்தது?"

நாங்கள் நாலு பேரும் ஆளையாள் பார்த்தோம். நான் இருக்கவில்லை. சுகி இருக்கவில்லை. அன்ரி அந்தக் கதிரைக்குக் கிட்டவே போகிறதில்லை. ரீச்சர் விடிய முதல் பள்ளிக்கூடம் போய் அம்மாவுக்குக் கொஞ்சம் முந்தித்தான் வந்தவர்.

"வெயில் பட்டிருக்கும்" என்றாள் சுகி. அவள் நேர்ஸ், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள். யன்னலில் கறுப்புக் கடதாசி ஒட்டினபடியே இருந்தது.

இரண்டாம் நாள் பதில் வந்தது. முதல் முறையாக அதில் ரீச்சரின் சொந்தப் பெயர் இருந்தது. பெயரைத் திருத்திவிட்டோம், குழப்பத்துக்கு மன்னிக்கவும், பத்திரம் விரைவில் வரும் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில், அங்கே கந்தோரில் இருக்கிற யாரோ ஒரு நல்ல மனிசி தானாக ஒரு வரி சேர்த்திருந்தா: உங்கள் அப்பா நடராசாவுக்கும் அம்மாவுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். அந்தக் கடிதம்தான் அம்மாவின் பைலில் மேலே இருக்கிறது. ரீச்சர் போன அன்று அம்மா அந்தப் பிளாஸ்ரிக் கதிரையையும் கேட்டு வாங்கி, தருமபுரம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனா. கொண்டக்டர் அதைப் பின்னுக்குப் போடச் சொன்னதற்கு, பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாவாம்.

ரீச்சர் இப்போது அந்தச் சுரங்கத்துக்குள் வேலை செய்கிறார். தேடுகிற சாமான் இன்னும் கிடைக்கவில்லையாம். குளிர்காலத்தில் ஒரு தரம் எனக்கு வட்ஸப்பில் எழுதினார்: "இஞ்சை பின்னேரம் நாலரைக்கே இருட்டு. நீர் ஒருக்கால் வந்து பாரும்." அவருடைய பெயரை இங்கே நான் எழுதவில்லை. பாஸ்போட்டிலும் விசாவிலும் சரியாக இருக்கிறது, அது காணும்.

கடைசி அறை இப்போது எனக்கு. கறுப்புக் கடதாசியைக் கிழித்துவிட்டேன், இரண்டு பல்ப் பூட்டியிருக்கிறேன். ஆனாலும் கந்தோரால் வந்த பிறகு, எல்லா லைற்றையும் அணைத்துவிட்டு அலுமாரியை ஒருக்கால் திறந்து பார்ப்பேன். உள்ளே இரண்டு கால் தெரிந்தால் நல்லாயிருக்கும் என்று இருக்கும்.